கட்சியில்லா முதன்மந்திரி
(டாக்டர் ப. சுப்பராயன் அவர்களின் அரசியல் வாழ்க்கை குறித்த ஓர் ஆராய்ச்சி)

தோற்றுவாய்

பொதுவாழ்விற் புகுவோர் இரு திறத்தினராவர். ஒரு கட்சியின் கொடிக்கீழ் நின்று, அதன் பலத்தைத் தம் பலமாகக் கொள்வோர் ஒரு சாரார். எக்கட்சியினுஞ் சேராது, தம் பெயரையும் கல்வியையும் குடிவழிச் செல்வாக்கையும் முதலாக வைத்து நிற்போர் மற்றொரு சாரார். இப்பிற்கூறியோரைச் சுயேச்சை அபேட்சகர் என்கிறோம். தேர்தல் வருந்தோறும் நம் சங்கத்து வாலிபர்கள் பெரியோர்களை அடுத்து, "கட்சியிற் சேர்ந்து நிற்பது நலமோ, தனித்து நிற்பது நலமோ?" என்று வினவுதல் வழக்கமாயிருக்கின்றது. பெரியோருட் சிலர் தனித்து நிற்றலே மானமுடைய செயல் என்பர். வேறு சிலர் தனிமரம் தோப்பாகாது என்பர். இவ்விரு விடைகளுள் எது பொருந்தும் என்பதை வெறும் வாதத்தினால் முடிவு செய்தலினும், நடந்த சரித்திரத்தைக் கொண்டு ஆராய்தலே சாலச் சிறந்தது.

அவ்வாராய்ச்சிக்கு நமது மாகாணச் சரித்திரத்திலேயே தக்க எடுத்துக்காட்டு ஒன்று உளது. 1920 முதல் 1937 வரை நடைபெற்ற இரட்டை ஆட்சிக் காலத்தில் சென்னை ராஜதானியின் முதன்மந்திரிகளாயிருந்தோருள், எக்கட்சியின் தலைவராகவும் இன்றிச் சுயேச்சையாக அப்பதவியை ஏற்றவர் ஒருவரே. அவர் சேலம் ஜில்லா குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் அவர்கள். 1926-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் முதல் 1930-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் வரை, மூன்றாண்டுகளுக்கும் பத்து மாதங்களுக்கும் மேலாக அவர் அப்பதவியில் இருந்தார். கட்சியில்லாத ஒருவர் இத்துணைக் காலம் எவ்வாறு நிலைத்தார்? அங்ஙனம் நிலைத்தற்கு அவர் கொடுத்த விலை யாது? அதனால் நாட்டிற்கு விளைந்த நன்மை யாது? இவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பிறப்பும் கல்வியும்

டாக்டர் சுப்பராயன் அவர்கள் திருச்செங்கோட்டிற்கு அணித்தாகிய குமாரமங்கலத்தில், கொங்கு வேளாளர் குலத்து ஜமீன்தார் பரமசிவக் கவுண்டர் அவர்களின் புதல்வராக 1889-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் தோன்றினார். சென்னையிற் கற்றுப் பின்னர் இங்கிலாந்து சென்று ஆக்ஸ்போர்டு வாதம் கல்லூரியிற் பயின்று, டப்ளின் சர்வகலாசாலையிற் சட்டத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். நிலவருவாய் உடைய குடும்பத்திற் பிறந்தோர் பலர் ஊரிலேயே தங்கிவிடும் அந்நாளில், கடல்கடந்து கல்வி தேடியமை அவர்தம் மனத்திண்மையைக் காட்டும்.

அவர் 1912-ஆம் ஆண்டில் மங்களூரைச் சார்ந்த குட்முல் ரங்கராவ் அவர்களின் திருமகளார் ராதாபாய் அம்மையாரை மணந்தனர். ரங்கராவ் அவர்கள் சாரஸ்வத வகுப்பினர். தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கல்வியும் நிலமும் தொழிலும் கிடைக்கப் பாடுபட்ட சீர்திருத்தக்காரர். மொழியாலும் வகுப்பாலும் வேறுபட்ட இரு குடும்பங்கள் அக்காலத்தே இவ்வாறு கலந்தமை பலரால் வியந்து பேசப்பட்டது. அம்மையார் 1930-ஆம் ஆண்டு லண்டன் வட்டமேஜை மகாநாட்டிற்குச் சென்ற இந்திய மாதர் இருவருள் ஒருவர் என்பதும், 1938-இல் மத்திய ராஜாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற் பெண்மணி என்பதும் ஈண்டு அறியத்தக்கன.

இரட்டை ஆட்சியின் அமைப்பு

சுப்பராயன் அவர்களின் மந்திரி வாழ்வை அளந்தறிய விரும்புவோர், அக்காலத்து ஆட்சிமுறையை முதற்கண் தெரிந்துகொள்ளல் வேண்டும். 1919-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டம் மாகாண ஆட்சியை இரு கூறாக்கிற்று. நிதி, போலீஸ், நீதி பரிபாலனம், நிலவரி, நீர்ப்பாசனம் முதலியன ஒதுக்கப்பட்ட இலாகாக்கள்; இவை கவர்னரும் அவருடைய நிர்வாக சபையாரும் ஆளற்குரியன. கல்வி, ஸ்தல ஸ்தாபனம், பொதுச் சுகாதாரம், விவசாயம், கைத்தொழில், கலால், பத்திரப் பதிவு முதலியன மாற்றப்பட்ட இலாகாக்கள். இவை மந்திரிகளிடம் ஒப்புவிக்கப்பட்டன. பள்ளிக்கூடங் கட்டுவது மந்திரியின் கடமை. அதற்குரிய பணமோ நிதி அங்கத்தினரின் கையில் இருந்தது. ஒரு வீட்டில் அடுப்பை ஒருவரிடமும் அரிசிப் பானையை மற்றொருவரிடமும் கொடுத்தால் சமையல் எங்ஙனம் நடக்குமோ, அங்ஙனமே அவ்வாட்சியும் நடந்தது.

சட்டசபையில் அங்கத்தினர் தொகை 132. அவருள் 98 பேர் வாக்காளரால் தேர்ந்தெடுக்கப்பட்டோர். எஞ்சிய 34 பேர் கவர்னரின் நியமனத்தாலும் தம் உத்தியோகத்தின் வழியாலும் இடம் பெற்றோர். வாக்குரிமையோ சொத்தும் வரியும் உடையாரளவில் நின்றது. மந்திரியை நியமிப்பவர் கவர்னர். மந்திரியின் சம்பளத்தை அனுமதிப்பது சட்டசபை. ஆகவே மந்திரி இரு எஜமானர்க்கு ஊழியஞ் செய்ய வேண்டியவரானார். கட்சிப் பலம் உடையவர் சட்டசபையைக் காட்டிக் கவர்னரோடு வாதாடலாம். கட்சிப் பலம் இல்லாதவர்க்கு அவ்வழி அடைபட்டுப்போம். இவ்வொன்றை மனத்தகத்தே கொள்வோர்க்கு மேல்வரும் செய்திகள் யாவும் எளிதில் விளங்கும்.

பதவி வந்த வகை

1920-ஆம் ஆண்டு முதற்றேர்தலைக் காங்கிரசார் பஹிஷ்கரித்தமையால் நீதிக்கட்சியார் ஆட்சியேற்றனர். சுப்பராயலு ரெட்டியார் சில மாதங்களும், அவர்க்குப் பின் பானகல் அரசர் ஐந்தாண்டுகளுக்கு மேலும் முதன்மந்திரிகளாய் இருந்தனர். 1926-ஆம் ஆண்டு நவம்பரில் மூன்றாவது தேர்தல் நிகழ்ந்தது. காங்கிரசின் சார்பாகச் சட்டசபைப் பிரவேசஞ் செய்த சுயராஜ்யக் கட்சியார் 41 ஸ்தானங்களையும், நீதிக்கட்சியார் 21 ஸ்தானங்களையும் பெற்றனர். மற்றை 36 ஸ்தானங்கள் சுயேச்சையாளர் முதலிய பிறரைச் சேர்ந்தன.

மிகுதியான ஸ்தானம் பெற்றவரே மந்திரிசபை அமைத்தல் முறை. ஆயினும் இரட்டை ஆட்சி பொய்யாட்சி என்பதும், அதிற் பதவியேற்றல் கூடாது என்பதும் காங்கிரசின் தீர்மானம்; ஆகவே சுயராஜ்யக் கட்சியார் பதவியை மறுத்தனர். பானகல் அரசரும் சிறுபான்மையினராய் நின்று ஆட்சி நடத்த ஒருப்பட்டிலர். அந்நிலையிற் கவர்னர் கோஷன் பிரபு அவர்கள் சுயேச்சையாளரை நோக்கினார். 1920 முதலே சட்டசபையிற் பழகியவரும், ஜமீன் குடும்பத்தினரும், மேனாட்டுக் கல்வி வாய்ந்தவரும், எக்கட்சியார்க்கும் கடும்பகைவர் ஆகாதவருமாகிய சுப்பராயன் அவர்களை அழைத்து மந்திரிசபை அமைக்கச் செய்தார். அ. ரங்கநாத முதலியார் அவர்களும், ஆர். என். ஆரோக்கியசாமி முதலியார் அவர்களும் உடன்மந்திரிகளாயினர். அப்போது சுப்பராயன் அவர்களுக்கு வயது 37.

இனி, சிறு கணக்கொன்றைப் பார்ப்போம். சுயராஜ்யக் கட்சியார் 41, நீதிக்கட்சியார் 21 ஆக 62 பேர் எதிர்த்து நிற்பின், மற்றை 36 பேரும் ஒருமுகமாகச் சேர்ந்தாலும் மந்திரிசபை தோற்றேபோம். நியமனம் பெற்றோரும் உத்தியோகஸ்தருமாகிய 34 பேரும் அவரோடு சேர்ந்தால் தொகை 70 ஆகின்றது, மந்திரிசபை பிழைக்கின்றது. ஆகவே அவ்வாட்சியின் உயிர் வாக்காளர் கையிலன்றி நியமன அங்கத்தினர் கையில் இருந்தது. இதனைக் கண்டே, எதிர்க்கட்சியார் அதனைக் கவர்னரின் பினாமி ஆட்சி என்று இகழ்ந்தனர். 1927-ஆம் ஆண்டில் நீதிக்கட்சியார் கொணர்ந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் நியமன அங்கத்தினரின் துணையாலேயே தோற்கடிக்கப்பட்டது. சுப்பராயன் அவர்கள் தனிப்பட்ட முறையில் நேர்மையாளரே. எனினும் தம்மை நிறுத்திய தூண் எதுவென்பதை அவரும் அறிவார், நாடும் அறியும்.

சைமன் கமிஷன் வந்த சோதனை

கட்சியில்லா மந்திரிக்குச் சோதனை விரைவிலே வந்தது. 1927-ஆம் ஆண்டு நவம்பரிற் பிரிட்டிஷ் அரசாங்கத்தார் சர் ஜான் சைமன் தலைமையில் எழுவர் அடங்கிய கமிஷன் ஒன்றை அறிவித்தனர். இந்தியாவின் அரசியற் றகுதியை அளக்க வந்த அவ்வெழுவருள் இந்தியர் ஒருவரேனும் இலர். நாடெங்கும் சினம் மூண்டது. அவ்வாண்டு டிசம்பரில் டாக்டர் அன்சாரி அவர்களின் தலைமையிற் சென்னையிற் கூடிய காங்கிரஸ், கமிஷனை முற்றும் பஹிஷ்கரிக்கத் தீர்மானித்தது. சென்னைச் சட்டசபையிலும் பஹிஷ்காரத் தீர்மானம் நிறைவேறிற்று.

தேர்தலிற் கட்சி வாக்குறுதியோடு நின்ற மந்திரிகளாயின், கட்சி கூடி ஒரு முடிவு செய்யும். மந்திரிகள் அதனைப் பின்பற்றுவர் அல்லது விலகுவர். இம்மந்திரிசபைக்கோ அத்தகைய பொது முடிவு செய்யும் இடமே இல்லை. மூவரும் மூன்று தனிமனிதர். எனவே கமிஷனைப் பற்றிய கருத்து வேற்றுமை மந்திரிசபைக்குள்ளேயே புகுந்து அதனைப் பிளந்துவிட்டது. 1928-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் பதவி நீங்கினர். அவர்தம் இடங்களில் எஸ். முத்தையா முதலியார் அவர்களும், எம். ஆர். சேதுரத்தினம் ஐயர் அவர்களும் அமர்ந்தனர். முதன்மந்திரி மட்டும் நிலைத்திருந்தார்.

அவர் நிலைத்ததற்குக் காரணம் கவர்னரின் சாமர்த்தியமே. நீதிக்கட்சிப் பிரமுகராகிய எம். கிருஷ்ணன் நாயர் அவர்களைக் கோஷன் பிரபு தமது நிர்வாக சபையிற் சட்ட அங்கத்தினராக நியமித்தார். அதன்பின் பானகல் அரசரின் கட்சி எதிர்ப்பைக் கைவிட்டு மந்திரிசபைக்கு ஆதரவளிக்க முன்வந்தது. நேற்று வரை பினாமி ஆட்சி என்று இகழ்ந்தவரே இன்று அதனைத் தாங்கும் தோள்களாயினர். கமிஷனார் சென்னைக்கு வந்தபோது, காங்கிரசார் கறுப்புக்கொடி பிடித்தனர்; மந்திரிசபையினரும் நீதிக்கட்சியாரும் வரவேற்றனர். சட்டசபை ஒருவழியும் மந்திரிசபை மற்றொரு வழியும் சென்ற இக்காட்சியே சுயேச்சை மந்திரி பதவியின் பெருங்குறை எனலாம். பதவி காப்பாற்றப்பட்டது, பதவிக்கு அடிப்படையாகிய மக்கட் பிரதிநிதித்துவம் தளர்ந்தது.

அவ்வாண்டிலேயே நிகழ்ந்த மற்றொரு செய்தியும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1928-ஆம் ஆண்டு செப்டம்பரிற் சுப்பிரமணிய பாரதியார் பாடல்கள் அடங்கிய நூல்கள் சென்னை அரசாங்கத்தாற் பறிமுதல் செய்யப்பட்டன. அடுத்த மாதம் சட்டசபையில் இதுபற்றிப் பெரும் விவாதம் எழுந்தது, எஸ். சத்தியமூர்த்தி அவர்கள் உருக்கமாக வாதாடினர். போலீஸும் சட்ட ஒழுங்கும் ஒதுக்கப்பட்ட இலாகாவாதலின், தமிழ்க் கவியின் நூல்களைத் தமிழ் நாட்டிலே பறிமுதல் செய்யும் உத்தரவு தமிழ் மந்திரியின் கையை எதிர்பாராமலே பிறந்தது. கல்வி, சுகாதாரம் என்று பேசிய மந்திரிகளின் அதிகாரம் எத்துணைக் குறுகியது என்பதை இது நன்கு புலப்படுத்தும்.

ஆட்சியின் நன்மைகள்

குறைகளை மட்டும் எடுத்துரைத்தல் நடுநிலையன்று. கட்சிப் பிணக்குகளுக்கு இடையே நின்ற அம்மந்திரிசபையின் காலத்தில் நாட்டிற்கு நிலைத்த நன்மைகள் சில விளைந்தன.

முதலாவது, சர்க்கார் உத்தியோக நியமனத்தில் வகுப்புவாரி முறை செயலுக்கு வந்தமை. நீதிக்கட்சி ஆட்சியில் 1921-ஆம் ஆண்டிலேயே இதற்கென உத்தரவு பிறந்ததாயினும், அது பெரும்பாலும் காகிதத்தளவிலே நின்றது. முத்தையா முதலியார் அவர்கள் மந்திரியானபின், முதற்கண் தம் பொறுப்பிலிருந்த பத்திரப் பதிவு இலாகாவில் அதனை நடைமுறைக்குக் கொணர்ந்தார். 1928-ஆம் ஆண்டு உத்தரவின்படி நிரப்பப்படும் ஒவ்வொரு 12 ஸ்தானங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்க்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறிஸ்தவர்க்கு 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 1 என வகுக்கப்பட்டன. பின்னர் 1947-இல் அவ்விகிதம் 14 ஸ்தானங்களாக மாற்றப்பட்டுப் பின்தங்கிய வகுப்பினர்க்குத் தனியே 2 ஸ்தானங்கள் அளிக்கப்பெற்றன. அம்முறையை 1951-இல் உச்சநீதிமன்றம் செல்லாதென்றபோது எழுந்த கிளர்ச்சியின் பயனாகவே அரசியலமைப்பின் முதற்றிருத்தம் அவ்வாண்டிலே நிறைவேறிற்று. இன்று நம் பிள்ளைகள் கல்லூரிகளிலும் உத்தியோகங்களிலும் பெறும் ஒதுக்கீட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் 1928-ஆம் ஆண்டை விலக்கி எழுதல் இயலாது. நம்முடையது போன்ற வகுப்புச் சங்கங்கள் அனைத்தும் நன்றியோடு நினைக்கவேண்டிய பெயர் முத்தையா முதலியார் என்பதாம். அவர்க்கு அவ்வுரிமையை அளித்து உடன் நின்றவர் சுப்பராயன் அவர்கள்.

இரண்டாவது, மாதர் முன்னேற்றம். அச்சட்டசபையில் நியமன அங்கத்தினராகப் புகுந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைச் சபையார் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். அம்மையார் கொணர்ந்த மசோதாவின் பயனாக, 1929-ஆம் ஆண்டில் இந்து அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டு, கோயில்களிற் பொட்டுக்கட்டப்பட்ட மாதர் தம் இனாம் நிலங்களைத் திருப்பணிக் கட்டுப்பாடின்றி அநுபவிக்க வழி பிறந்தது. நியமன அங்கத்தினரைக் கொண்டு மந்திரிசபை நிலைத்ததைக் குறைகூறிய நாம், அந்நியமன முறையாலேயே இத்தகைய நன்மையும் விளைந்ததை மறைத்தல் ஆகாது.

மூன்றாவது, உத்தியோகத் தேர்வுக்கென 1929-ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபைச் சட்டத்தால் அமைக்கப்பெற்ற சர்வீஸ் கமிஷன். இந்திய மாகாணங்களுள் இதனை முதன்முதல் அமைத்த பெருமை சென்னையைச் சார்ந்தது. சிபாரிசுக் கடிதம் ஏந்தித் திரியும் வழக்கத்திற்கு மாற்றாகத் தேர்வு என்னும் முறை வேரூன்ற இது துணை செய்தது. அவ்வாண்டிலேயே சிதம்பரத்தில் அண்ணாமலைச் சர்வகலாசாலையும் தோன்றிற்று. அதனை நிறுவிய புகழ் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் அவர்களுடையது. அதற்குரிய சட்டம் இம்மந்திரிசபையின் காலத்தில் ஆயது.

எதிர்க்கட்சியும் ஆலயப் பிரவேசமும்

1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது. காங்கிரசார் தேர்தலைப் பஹிஷ்கரித்தனர். நீதிக்கட்சியார் மீண்டும் வென்று, முனுசாமி நாயுடு அவர்கள் அக்டோபர் 27-ஆம் நாள் முதன்மந்திரியானார். சுப்பராயன் அவர்கள் எதிர்வரிசையில் அமர்ந்தார். கவர்னரின் தயவு நீங்கியதும் சுயேச்சையாளரின் பதவியும் நீங்கிற்று.

பதவியிழந்த பின்னரே அவருடைய வாழ்வின் உயர்ந்த செயல் ஒன்று நிகழ்ந்தது. 1932-ஆம் ஆண்டிற் பூனா ஒப்பந்தத்தையும் குருவாயூர்ச் சத்தியாக்கிரகத்தையும் அடுத்துத் தீண்டாமை ஒழிப்பு நாடெங்கும் பேசப்பட்ட காலத்தில், தாழ்த்தப்பட்ட மக்கட்கு ஆலயங்களைத் திறந்துவிட வேண்டும் எனச் சென்னைச் சட்டசபையிற் குரலெழுப்பி, அதற்கென மசோதா ஒன்றையும் சுப்பராயன் அவர்கள் தயாரித்தார். அதனைச் சபையிற் கொணர்தற்கு ராஜப்பிரதிநிதியின் முன்னனுமதி வேண்டியிருந்தது. அவ்வனுமதியை எதிர்நோக்கிக் காந்தியடிகள் தாம் மேற்கொள்ளவிருந்த உண்ணாவிரதத்தையும் ஒத்திவைத்தார். 1933-ஆம் ஆண்டு ஜனவரியில் வில்லிங்டன் பிரபு அனுமதியை மறுத்துவிட்டார்.

நேயர்கள் இவ்விடத்தே சற்று நின்று சிந்திக்க வேண்டுகின்றேம். கட்சிக் கட்டுப்பாடு இல்லாதவராதலின், வைதிகரின் வாக்குப் போய்விடுமே என்று அஞ்சாமல் அத்துணைப் பெரிய சீர்திருத்தத்தை அவர் எடுத்துரைக்க முடிந்தது. இது சுயேச்சையின் சிறப்பு. கட்சிப் பலம் இல்லாதவராதலின், ராஜப்பிரதிநிதி ஒரு கையெழுத்தால் மறுத்தபோது அதனை மீண்டும் எழுப்ப அவராற் கூடவில்லை. இது சுயேச்சையின் வலியின்மை. அவர் பின்னர்க் காங்கிரசிற் சேர்ந்து, 1937-ஆம் ஆண்டில் ராஜாஜி மந்திரிசபையிற் சட்டம், கல்வி இலாகாக்களின் மந்திரியானார். 1939-ஆம் ஆண்டில் ஆலயப் பிரவேசத்திற்குரிய சட்டம் அம்மந்திரிசபையாலேயே ஆயிற்று. தனித்து நின்று கேட்டபோது கிடையாதது, கட்சியோடு நின்றபோது கிடைத்தது.

கட்சி கொடுத்ததும் கட்சி கொண்டதும்

ஆயின், கட்சியிற் சேர்தல் ஒன்றே போதும் என்று முடிவு கட்டிவிடலாமோ? அதுவும் ஆகாது. அதே மந்திரிசபை 1938-ஆம் ஆண்டு ஏப்ரலில் 125 உயர்தரப் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாய பாடமாக்கும் உத்தரவைப் பிறப்பித்தது. கல்வி மந்திரி சுப்பராயன் அவர்களே. மறைமலையடிகள், பெரியார் ஈ. வெ. ராமசாமி, சோமசுந்தர பாரதியார் முதலியோர் எதிர்த்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். நடராசன், தாளமுத்து என்னும் இரு வாலிபர் 1939-இற் சிறைவாசத்தினிடையே உயிர்நீத்தனர். மந்திரிசபை அவ்வாண்டு அக்டோபரில் யுத்தப் பிரச்சினையின் மேல் விலகியபின், 1940-ஆம் ஆண்டு பிப்ரவரியிற் கவர்னர் அவ்வுத்தரவை நீக்கினார்.

இச்செய்தியோடு மற்றொன்றையும் சேர்த்துப் பார்த்தாலன்றி அவருடைய வாழ்வு முழுமையாக விளங்காது. 1955-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கத்தார் பி. ஜி. கேர் அவர்களின் தலைமையில் ஆட்சிமொழிக் கமிஷன் ஒன்றை நியமித்தனர். அடுத்த ஆண்டு அளிக்கப்பட்ட அறிக்கையில் இருவர் வேற்றுமைக் குறிப்பு எழுதினர். ஒருவர் வங்கத்து மொழியறிஞர் சுநீதிகுமார் சட்டர்ஜி. மற்றொருவர் நம் சுப்பராயன் அவர்கள். ஆங்கிலத்தை அவசரமாக விலக்கி ஹிந்தியைப் புகுத்துதல், ஹிந்தி வழங்காத மக்கட்கு அநீதியாய் முடியும் என்று அவர் எச்சரித்தார். கட்சி மந்திரியாய் இருந்து கட்டாய ஹிந்தியை நடத்திய அதே கை, பதினெட்டு ஆண்டுகட்குப் பின் தனித்து நின்று அதற்கு மறுப்பும் எழுதிற்று. காங்கிரசின் அங்கத்தினராகவே இருந்துகொண்டு அவர் இதனைச் செய்தார் என்பது கருதத்தக்கது. கட்சிச் சீட்டு இன்மையே சுயேச்சை என்று எண்ணுவோர் இதனை நன்கு நோக்குவாராக. 1927-இல் எக்கட்சியினும் இலராயிருந்தும் கவர்னரின் துணையை விட்டு அவரால் நீங்க முடியவில்லை. 1956-இற் பெருங்கட்சியொன்றில் இருந்தும் அவர் தம் மனச்சான்றின்படி எழுதினார். முன்னதிலும் பின்னதே மெய்யான சுயேச்சை என்பது எமது துணிபு.

அவர்தம் பிற்கால வாழ்வைச் சுருங்கச் சொல்வாம். 1947-ஆம் ஆண்டில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரிசபையில் உள்நாட்டு, போலீஸ் மந்திரியாயிருந்தார். அவருடைய புதல்வர் மோகன் குமாரமங்கலமும் புதல்வி பார்வதியும் பொதுவுடைமைக் கட்சியிற் பணியாற்றிய காலம் அது. தந்தையின் பதவி மக்களின் கொள்கையை மாற்றவில்லை, மக்களின் கொள்கை தந்தையின் கடமையைத் தடுக்கவுமில்லை. மூத்த புதல்வர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் அவர்கள் 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைத் தலைவராய் விளங்கினார். சுப்பராயன் அவர்கள் அரசியல் நிர்ணய சபை அங்கத்தினராகவும், இந்தோனேசியாவில் இந்தியத் தூதராகவும், 1957-இல் திருச்செங்கோட்டுத் தொகுதியின் பார்லிமெண்டு அங்கத்தினராகவும், 1959 முதல் 1962 வரை மத்தியப் போக்குவரத்து மந்திரியாகவும் தொண்டாற்றி, 1962-ஆம் ஆண்டு ஏப்ரலில் மகாராஷ்டிர கவர்னராகி, அவ்வாண்டு அக்டோபர் 6-ஆம் நாள் பதவியிலிருக்கும்போதே காலஞ்சென்றார். 1938 முதல் 1946 வரை இந்தியக் கிரிக்கெட் சங்கத்தின் தலைவராயிருந்ததும் அவரே.

முடிவுரை

இச்சரித்திரத்தினின்றும் நம் வாலிபர்கள் கொள்ளற்பாலன யாவை?

ஒன்று: தனித்து நிற்பவர் தமக்கு ஆதாரம் யாது என்பதை முதலிலேயே ஆராய்தல் வேண்டும். 1937-க்குப் பின் சென்னைக் கீழ்ச்சபையில் நியமன அங்கத்தினர் ஒழிந்து, 215 பேரும் தேர்ந்தெடுக்கப்பட்டோராயினர். அதன்பின் கவர்னரின் துணையை மட்டும் நம்பி ஒருவர் முதன்மந்திரியாய் நீடித்திருத்தல் இயலாதாயிற்று. ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2006-ஆம் ஆண்டு மது கோடா என்னும் சுயேச்சை அங்கத்தினர் முதலமைச்சரானார். அவரைத் தாங்கியவை கூட்டணிக் கட்சிகள். அவை கை நெகிழ்த்தபோது 2008-இல் அவர் பதவி வீழ்ந்தது. தாங்குபவர் கவர்னராயினும் கட்சிகளாயினும், தாங்கப்படுபவரின் நிலை ஒன்றே.

இரண்டு: சட்டத்தின் நிலையும் மாறியிருக்கின்றது. 1985-ஆம் ஆண்டு அரசியலமைப்பிற் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, சுயேச்சையாக வென்ற சட்டசபை அங்கத்தினர் தேர்தலுக்குப் பின் ஒரு கட்சியிற் சேர்ந்தால் தம் ஸ்தானத்தை இழப்பார். சுயேச்சையென்று வாக்குக் கேட்டு, வென்றபின் கட்சியிற் புகுவது வாக்காளரை ஏமாற்றுவதாகும் என்பதே அதன் கருத்து. ஆகவே, முன்னர் நின்று பின்னர்ச் சேரலாம் என்னும் யோசனை உடையோர் அதனை விட்டொழிப்பாராக.

மூன்று: கிராம ஊராட்சித் தேர்தல்கள் தமிழ்நாட்டிற் கட்சிச் சின்னமின்றியே நடைபெறுகின்றன. குடிநீர், தெருவிளக்கு, பாதை, பள்ளிக்கூடம் ஆகிய இவற்றிற்குக் கட்சிக்கொடி வேண்டுவதில்லை. தனித்து நின்று தொண்டு செய்ய விரும்புவோர்க்கு இதுவே தக்க களம். அங்கே பழகி, மக்களின் நம்பிக்கையை ஈட்டியபின், மேல்சபைகளுக்குப் போக எண்ணுவோர் தம் கொள்கைக்கு இசைந்த கட்சியை ஆராய்ந்து சேர்க. சேர்ந்தபின், மனச்சான்று மறுக்குமிடத்து அதனை எழுத்தில் மறுக்கும் துணிவையும் உடையராகுக.

நான்கு: நம் குலத்தார் என்னும் காரணத்தால் ஒருவர் செய்த யாவற்றையும் புகழ்தலும், பிறகுலத்தார் என்பதால் ஒருவர் செய்த நன்மையை மறத்தலும் நம் போன்ற சங்கங்கட்குத் தகா. சுப்பராயன் அவர்களின் 1928-ஆம் ஆண்டு நிலைமையைக் குறைகூறுவோம். 1932-ஆம் ஆண்டு முயற்சியையும் 1956-ஆம் ஆண்டு மறுப்பையும் போற்றுவோம். ஒரே மனிதரின் வாழ்வில் இரண்டும் அமைந்திருத்தலைக் கண்டு, பொதுவாழ்விற் புகும் நம் இளைஞர் தம் காலத்துக்கேற்ற நெறியைத் தாமே தேர்ந்து நடப்பாராக.